இலங்கை சனாதிபதியின் அதிகாரங்களும் வரம்புகளும்

இலங்கை சனாதிபதி என்பவர் இலங்கைச் சனநாயக சோசலிசக் குடியரசின் அரசுத் தலைவரும், நிறைவேற்றுத் துறையின் தலைவரும், அரசாங்கத்தின் தலைவரும், ஆயுதப் படைகளின் தலைமைத் தளபதியும் ஆவார். இந்நான்கு நிலைகளும் அரசியலமைப்பின் 30ஆவது உறுப்புரையில் ஒன்றாகவே கூறப்பட்டுள்ளன. இந்தியக் குடியரசுத் தலைவரைப் போல அமைச்சரவையின் ஆலோசனைக்குக் கட்டுப்பட்டு இயங்கும் பெயரளவிலான பதவி அன்று இது. ஐக்கிய அமெரிக்க முறையும் அன்று. ஏனெனில் இலங்கையில் அமைச்சர்கள் அனைவரும் நாடாளுமன்ற உறுப்பினர்களாக இருத்தல் வேண்டும், பிரதமர் ஒருவரும் உண்டு. பிரான்சின் ஐந்தாம் குடியரசின் அமைப்பே இதற்கு நெருக்கமானது எனலாம்.

இப்பதவியின் அதிகாரங்கள் 1978 முதல் ஒரே அளவில் இருந்ததில்லை. 2001, 2010, 2015, 2020, 2022 ஆகிய ஆண்டுகளில் நிறைவேறிய ஐந்து திருத்தங்கள் அவற்றை மாறிமாறிக் குறைத்தும் கூட்டியும் வந்துள்ளன. எனவே ஒரு நூலில் சனாதிபதிக்கு இன்ன அதிகாரம் உண்டு எனக் காணப்படின், அந்நூல் எந்த ஆண்டில் எழுதப்பட்டது என்பதையும் பார்த்துக் கொள்ளுதல் நலம்.

இக்கட்டுரையில் உயர் நீதிமன்றம் என்பது இலங்கையின் அதியுயர் நீதிமன்றத்தைக் குறிக்கும். இந்தியாவில் இதற்கு இணையானது உச்ச நீதிமன்றம் ஆகும்.

தோற்றம்

1948 இல் விடுதலை பெற்ற இலங்கையில் பிரித்தானிய முடியின் பெயரால் மகாதேசாதிபதி ஒருவர் பதவி வகித்தார். 1972 குடியரசு அரசியலமைப்பு அப்பதவியை நீக்கிச் சனாதிபதி பதவியை ஏற்படுத்திற்று. ஆனால் முதலாவது சனாதிபதியான வில்லியம் கோபல்லாவ பிரதமரால் நியமிக்கப்பட்டவர்; ஆட்சி அதிகாரம் முழுவதும் பிரதமரிடமே இருந்தது.

1977 பொதுத் தேர்தலில் ஜே. ஆர். ஜெயவர்தனாவின் ஐக்கிய தேசியக் கட்சி 168 இடங்களில் 140 ஐக் கைப்பற்றியது. அவ்வாண்டிலேயே 1972 அரசியலமைப்பைத் திருத்தி, நிறைவேற்று அதிகாரம் கொண்ட சனாதிபதி பதவி உருவாக்கப்பட்டது. பிரதமராக இருந்த ஜெயவர்தனா 1978 பெப்ரவரி 4 ஆம் நாள் சனாதிபதியாகப் பதவியேற்றார். மக்கள் இப்பதவிக்கென அவருக்கு வாக்களிக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. முதலாவது சனாதிபதித் தேர்தல் 1982 ஒக்டோபரில்தான் நடைபெற்றது. இரண்டாவது குடியரசு அரசியலமைப்பு 1978 செப்டம்பர் 7 இல் நடைமுறைக்கு வந்தது. பல திருத்தங்களுடன் அதுவே இன்றும் தொடர்கின்றது.

அடிக்கடி மாறும் அமைச்சரவைகளால் வளர்ச்சி தடைப்படுகின்றது, நாடாளுமன்றத்தின் அன்றாடப் போக்குகளுக்கு ஆட்படாத உறுதியான நிறைவேற்றுத் துறை வேண்டும் என்பதே அக்காலத்தில் கூறப்பட்ட காரணம். ஆனால் இந்த உறுதிப்பாட்டின் மறுபக்கம் விரைவிலேயே வெளிப்பட்டது. 1982 இல் ஆளும் கட்சி உறுப்பினர்களிடமிருந்து திகதியிடப்படாத பதவி விலகல் கடிதங்கள் பெறப்பட்டன. அதே ஆண்டு டிசம்பர் 22 இல் நடந்த மக்கள் தீர்ப்பின் மூலம், பொதுத் தேர்தல் இன்றியே நாடாளுமன்றத்தின் ஆயுட்காலம் ஆறு ஆண்டுகள் நீடிக்கப்பட்டது. 1977 இல் பெற்ற ஆறில் ஐந்து பெரும்பான்மை இவ்வாறு அந்தப் பத்தாண்டின் இறுதிவரை காக்கப்பட்டது.

தேர்தல் முறை

சனாதிபதி நாடு முழுவதையும் ஒரே தொகுதியாகக் கொண்டு மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறார். பதவிக்காலம் தொடக்கத்தில் ஆறு ஆண்டுகளாக இருந்து, 2015 முதல் ஐந்து ஆண்டுகளாக உள்ளது. மக்களால் இருமுறை தெரிவு செய்யப்பட்ட ஒருவர் மீண்டும் போட்டியிட முடியாது.

வாக்காளர் ஒருவர் மூன்று வேட்பாளர்கள் வரை 1, 2, 3 என வரிசைப்படுத்தலாம். முதல் எண்ணிக்கையில் எவரும் செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் பெறாவிடின், முதலிரு இடங்களில் உள்ளவர்கள் தவிர்ந்த ஏனையோர் நீக்கப்படுவர். நீக்கப்பட்டவர்களுக்கு விழுந்த வாக்குச் சீட்டுகளில் உள்ள அடுத்த விருப்புகள் எஞ்சிய இருவருக்கும் சேர்க்கப்படும்.

இவ்விதி 2024 செப்டம்பர் தேர்தலிலேயே முதன்முறையாகப் பயன்பட்டது. முதல் எண்ணிக்கையில் அனுர குமார திசாநாயக்க 56,34,915 வாக்குகளையும் (42.31%), சஜித் பிரேமதாச 43,63,035 வாக்குகளையும் (32.76%) பெற்றனர். விருப்பு வாக்குகளில் சஜித்துக்கு 1,67,867 உம், திசாநாயக்கவுக்கு 1,05,264 உம் கிடைத்தன. அதாவது இரண்டாம் எண்ணிக்கையில் அதிகம் பெற்றவர் தோற்றவரே. பெரும்பாலான வாக்காளர்கள் ஒரு விருப்பை மட்டும் குறித்திருந்தமையால், வெற்றி பெற்றவரின் இறுதித் தொகையும் மொத்தச் செல்லுபடியான வாக்குகளில் ஏறத்தாழ 43 சதவீதமாகவே அமைந்தது. வெல்பவர் கட்டாயம் பாதிக்கு மேற்பட்ட வாக்காளரின் ஆதரவைப் பெற்றிருப்பார் என்ற பரவலான கருத்து சரியன்று.

அதிகாரங்கள்

நாடாளுமன்றத்தின் நம்பிக்கையைப் பெறக்கூடியவர் எனத் தாம் கருதும் உறுப்பினரைப் பிரதமராக நியமித்தல், அமைச்சர்களை நியமித்தல், அமைச்சரவைக்குத் தலைமை தாங்குதல், நாடாளுமன்றத்தைக் கூட்டுதல், ஒத்திவைத்தல், கலைத்தல், போரையும் சமாதானத்தையும் பிரகடனப்படுத்தல், தூதுவர்களையும் உயர் நீதிபதிகளையும் நியமித்தல் ஆகியன சனாதிபதியின் முக்கிய அதிகாரங்களாகும். தாமே அமைச்சுப் பொறுப்புகளையும் வகிக்கலாம். 2024 இல் பதவியேற்ற திசாநாயக்க பாதுகாப்பு, நிதி ஆகிய அமைச்சுகளைத் தம்மிடம் வைத்துக் கொண்டார்.

இந்தப் பட்டியல் எவ்வளவு நீண்டிருப்பினும், நடைமுறையில் அதன் வலிமை நாடாளுமன்றப் பெரும்பான்மை யாரிடம் உள்ளது என்பதைப் பொறுத்தே அமைகின்றது. சட்டம் இயற்றுவதும் அரச நிதியைக் கட்டுப்படுத்துவதும் நாடாளுமன்றமே. சனாதிபதியின் கட்சிக்கே பெரும்பான்மை இருப்பின் பிரதமர் ஏறக்குறைய ஓர் உதவியாளர் நிலைக்கு வந்துவிடுகிறார்; எதிர்க்கட்சிக்குப் பெரும்பான்மை கிடைப்பின் ஒரே அரசில் இரு தலைமைகள் உருவாகின்றன. 2001 டிசம்பர் முதல் சனாதிபதி சந்திரிகா குமாரதுங்கவும் பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவும் எதிரெதிர்க் கட்சிகளைச் சேர்ந்தவர்களாக ஆட்சி நடத்தினர். விடுதலைப் புலிகள் இடைக்காலத் தன்னாட்சி அதிகார சபைக்கான முன்மொழிவுகளை 2003 ஒக்டோபர் இறுதியில் வெளியிட்டனர். சில நாட்களில், பிரதமர் வாசிங்டனில் இருந்தபோது, சனாதிபதி பாதுகாப்பு, உள்நாட்டு அலுவல்கள், ஊடகம் ஆகிய மூன்று அமைச்சுகளையும் தம் பொறுப்பில் எடுத்துக் கொண்டார். 2004 பெப்ரவரியில் நாடாளுமன்றமும் கலைக்கப்பட்டது. அமைதிப் பேச்சை நடத்திய அரசாங்கம் தேர்தலில் தோல்வியுற்றது.

அவசரகால நிலையைப் பிரகடனப்படுத்தும் அதிகாரம் தனியாகக் குறிப்பிடத்தக்கது. 1947 ஆம் ஆண்டின் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் சனாதிபதி ஆக்கும் ஒழுங்குவிதிகள், அரசியலமைப்பைத் தவிர ஏனைய சட்டங்களை மேவி நிற்கும். பிரகடனத்துக்கு 14 நாட்களுக்குள் நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டும். ஒரு மாத எல்லை கொண்ட இவ்வேற்பாடு, 1983 முதல் 2011 ஆகத்து வரை இடைவெளிகளுடன் நாட்டின் அன்றாட நிலையாகவே இருந்தது. நீண்ட காலமாக நீதிமன்றங்கள் இதில் தலையிடத் தயங்கின. ஆயினும் 2022 யூலையில் பதில் சனாதிபதியாக இருந்த ரணில் விக்கிரமசிங்க பிறப்பித்த அவசரகால நிலை அடிப்படை உரிமைகளை மீறியது என 2025 யூலையில் உயர் நீதிமன்றத்தின் மூவரில் இருவர் தீர்ப்பளித்தனர்.

பொதுமன்னிப்பு

தண்டனை பெற்றவரை மன்னிக்கவும் தண்டனையைக் குறைக்கவும் 34ஆவது உறுப்புரை அதிகாரம் அளிக்கின்றது. மரண தண்டனை விதிக்கப்பட்டவராயின், வழக்கை விசாரித்த நீதிபதியின் அறிக்கையைப் பெற்று, அதன்மீது சட்டமா அதிபரின் கருத்தையும் பின்னர் நீதி அமைச்சரின் பரிந்துரையையும் பெற வேண்டும் என்பது நடைமுறை.

2000 டிசம்பரில் யாழ்ப்பாண மாவட்டம் மிருசுவிலில் எட்டுத் தமிழ்ப் பொதுமக்கள் கொல்லப்பட்டனர். கொல்லப்பட்டோரில் சிறுவர்களும் அடங்குவர். இவ்வழக்கில் 2015 இல் மரண தண்டனை விதிக்கப்பட்ட படையினரான சுனில் ரத்நாயக்கவின் மேன்முறையீட்டை உயர் நீதிமன்றம் 2019 இல் தள்ளுபடி செய்தது. பல ஆண்டுகள் நீண்ட ஒரு வழக்கின் முடிவை 2020 மார்ச்சில் சனாதிபதி கோத்தாபய ராசபக்ச வழங்கிய மன்னிப்பு ஒரே நாளில் மாற்றியது. போர்க்காலக் கொலை வழக்குகளில் தண்டனை வரை சென்றவை மிகச் சிலவே என்பதை நோக்குமிடத்து, வடக்கில் இதற்கு எழுந்த எதிர்ப்பை விளங்கிக் கொள்ளலாம்.

மன்னிப்பு என்பது சனாதிபதியின் தனிப்பட்ட கருணை, அதனை எவரும் கேள்வி கேட்க முடியாது என்ற எண்ணம் அண்மைக் காலத்தில் மாறியுள்ளது. கொலை வழக்கில் மரண தண்டனை பெற்றிருந்த முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் துமிந்த சில்வாவுக்கு 2021 யூனில் அளிக்கப்பட்ட மன்னிப்பை உயர் நீதிமன்றம் 2024 சனவரியில் செல்லாதெனத் தீர்ப்பளித்தது. மைத்திரிபால சிறிசேன 2019 நவம்பரில், பதவி விலகும் தறுவாயில், கொலைக் குற்றவாளி ஒருவருக்கு அளித்த மன்னிப்பும் 2024 யூனில் நீக்கப்பட்டது. அதிகாரம் சனாதிபதியுடையதே, ஆனால் மக்களின் பொருட்டு நம்பிக்கைப் பொறுப்பாக அவரிடம் ஒப்படைக்கப்பட்டது, எனவே காரணம் காட்டப்பட வேண்டியது என்பது இத்தீர்ப்புகளின் அடிப்படை ஆகும்.

மாகாணங்களும் ஆளுநர்களும்

1987 இல் நிறைவேறிய 13ஆவது திருத்தம் மாகாண சபைகளை உருவாக்கியது. ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஆளுநரைச் சனாதிபதியே நியமிக்கிறார். சனாதிபதி விரும்பும் வரையே அவர் பதவியில் இருப்பார். மாகாணத்தின் நிறைவேற்று அதிகாரம் ஆளுநரிடம் வைக்கப்பட்டுள்ளமையால், அதிகாரப் பகிர்வின் ஒரு முனை மீண்டும் கொழும்பிலேயே முடிகின்றது.

வடக்கு, கிழக்கு மாகாணங்களின் வரலாறு இதனைத் தெளிவாகக் காட்டும். 1988 செப்டம்பரில் சனாதிபதி ஜெயவர்தனாவின் பிரகடனங்களால் இவ்விரு மாகாணங்களும் ஒன்றாக இணைக்கப்பட்டன. படைக்கலங்கள் ஒப்படைக்கப்பட வேண்டும் என மாகாண சபைகள் சட்டம் விதித்த நிபந்தனை நிறைவேறாத நிலையில், அவசரகால ஒழுங்குவிதியின் மூலம் அச்சட்டம் மாற்றப்பட்டே இணைப்பு செய்யப்பட்டது. பதினெட்டு ஆண்டுகளின் பின், 2006 ஒக்டோபரில், இவ்விணைப்பு சட்டப்படி செல்லாதென உயர் நீதிமன்றம் அறிவித்தது. 2007 சனவரி 1 முதல் இரு மாகாணங்களும் தனித்தனியாயின. தமிழர் தரப்பின் முதன்மைக் கோரிக்கை ஒன்று ஒரு சனாதிபதியின் கையொப்பத்தால் கிடைத்து, அக்கையொப்பத்தின் குறைபாட்டினாலேயே கைநழுவியது.

2013 இல் தெரிவான வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. 2019 இற்குள் ஒன்பது மாகாண சபைகளும் காலாவதியாகின. அதன்பின் 2025 முடியும் வரை மாகாணத் தேர்தல் எதுவும் நடைபெறவில்லை; மாகாண நிருவாகம் சனாதிபதி நியமித்த ஆளுநர்களின் கீழேயே நடந்தது.

கூடியும் குறைந்தும்

2001 இல் வந்த 17ஆவது திருத்தம், உயர் பதவிகளுக்கான நியமனங்களில் சனாதிபதியைக் கட்டுப்படுத்த அரசியலமைப்புப் பேரவை என்ற அமைப்பை ஏற்படுத்தியது. மகிந்த ராசபக்சவின் காலத்தில், 2010 செப்டம்பரில், 18ஆவது திருத்தம் அப்பேரவையை நீக்கியதுடன் இருமுறை மட்டுமே போட்டியிடலாம் என்ற வரம்பையும் அகற்றியது. ஆதரவாக 161, எதிராக 17 வாக்குகள். 2015 சனவரித் தேர்தலில் அவர் தோல்வியுற்ற பின், ஏப்ரலில் 19ஆவது திருத்தம் பேரவையையும் பதவிக்கால வரம்பையும் மீட்டது. நாடாளுமன்றத்தை அதன் முதல் நான்கரை ஆண்டுகளுக்குள் கலைக்க முடியாது எனவும் விதித்தது. ஆதரவாக 212 வாக்குகள், எதிர்த்தவர் ஒருவர்.

கோத்தாபய ராசபக்சவின் காலத்தில், 2020 ஒக்டோபரில், 20ஆவது திருத்தம் மீண்டும் பேரவையை நீக்கிற்று (156 இற்கு 65). 2022 ஒக்டோபரில் 21ஆவது திருத்தம் அதனை மறுபடியும் கொண்டுவந்தது (179 இற்கு 1). இப்போது நாடாளுமன்றத்தை அதன் முதல் இரண்டரை ஆண்டுகளுக்குள் சனாதிபதி தம் விருப்பப்படி கலைக்க முடியாது.

இவற்றில் வியப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. 18ஆவது, 19ஆவது திருத்தங்களை நிறைவேற்றியது 2010 இல் தெரிவான ஒரே நாடாளுமன்றம். 20ஆவது, 21ஆவது திருத்தங்களை நிறைவேற்றியதும் 2020 இல் தெரிவான ஒரே நாடாளுமன்றம். இடையில் மாறியது சனாதிபதி மட்டுமே. உறுப்பினர்களின் கொள்கை மாறியது என்பதை விட, பதவியில் இருப்பவரை நோக்கியே மூன்றில் இரண்டு பெரும்பான்மை திரள்கின்றது எனக் கொள்வதே பொருத்தம்.

பேரவையில் பத்துப் பேர் உள்ளனர். மூவர் நாடாளுமன்றத்திற்கு வெளியே உள்ளவர்கள். அதன் ஒப்புதல் இன்றி உயர் நீதிமன்ற நீதிபதிகள், சட்டமா அதிபர், காவல்துறை மா அதிபர் ஆகியோரை நியமிக்க முடியாது. 2024 பெப்ரவரியில் நியமிக்கப்பட்ட காவல்துறை மா அதிபருக்கு இவ்வொப்புதல் முறையாகக் கிடைத்ததா என்ற கேள்வி எழுந்து, அவ்வாண்டு யூலையில் அவர் கடமையாற்ற உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

2018 நெருக்கடி

சனாதிபதியின் வரம்புகள் மிகக் கடுமையாகச் சோதிக்கப்பட்டது 2018 இன் இறுதியிலாகும். ஒக்டோபர் 26 இல் சனாதிபதி சிறிசேன பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவை நீக்கி, மகிந்த ராசபக்சவை நியமித்தார். 19ஆவது திருத்தத்தின் பின் பிரதமரை நீக்கும் அதிகாரம் அரசியலமைப்பில் வெளிப்படையாக இருக்கவில்லை. புதிய பிரதமருக்குப் பெரும்பான்மை திரளவில்லை எனத் தெரிந்ததும், நவம்பர் 9 இல் நாடாளுமன்றத்தைக் கலைக்கும் வர்த்தமானி வெளியாயிற்று.

அந்நாடாளுமன்றம் 2015 ஆகத்தில் தெரிவானது. நான்கரை ஆண்டுகள் நிறைவடைய ஓராண்டுக்கு மேல் இருந்தது. எனினும் 33ஆவது உறுப்புரை, நாடாளுமன்றத்தைக் கூட்டவும் ஒத்திவைக்கவும் கலைக்கவும் சனாதிபதிக்கு அதிகாரம் உண்டு எனப் பொதுப்படக் கூறுகின்றது. இது 70ஆவது உறுப்புரையின் நான்கரை ஆண்டு வரம்புக்குக் கட்டுப்படாத தனி அதிகாரம் என்பது சனாதிபதி தரப்பின் வாதம்.

இதனை எதிர்த்துத் தாக்கலான மனுக்களில் முதன்மையானது தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் தலைவர் இரா. சம்பந்தனுடையது, தீர்ப்பும் அவர் பெயராலேயே அறியப்படுகின்றது. ரணிலுக்கோ மகிந்தவுக்கோ ஆதரவு என்பதன்று கேள்வி, அரசியலமைப்பு மீறப்பட்டதா என்பதே என்பது கூட்டமைப்பின் நிலைப்பாடாக இருந்தது. நவம்பர் 13 இல் இடைக்காலத் தடை விதிக்கப்பட்டது. மறுநாளே கூடிய நாடாளுமன்றத்தில் மகிந்தவுக்கு எதிராக நம்பிக்கையில்லாப் பிரேரணை நிறைவேறியது. அடுத்த அமர்வுகளில் மிளகாய்த் தூளும் நாற்காலிகளும் வீசப்பட்டன. டிசம்பர் 13 இல் உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் ஒருமனதாகக் கலைப்பு செல்லாதெனத் தீர்ப்பளித்தனர். 33ஆவது உறுப்புரை அதிகாரத்தின் இருப்பைக் கூறுகின்றது, 70ஆவது உறுப்புரை அதனை எவ்வாறு பயன்படுத்த வேண்டும் எனக் கூறுகின்றது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். டிசம்பர் 16 இல் ரணில் மீண்டும் பிரதமரானார்.

பதவி நீக்கமும் வெற்றிடமும்

சனாதிபதியை நீக்கும் குற்றப்பிரேரணை மிகக் கடினமானது. அரசியலமைப்பை வேண்டுமென்றே மீறுதல், தேசத் துரோகம், இலஞ்சம், அதிகாரத் துர்ப்பிரயோகம் போன்ற குற்றச்சாட்டுகளுடன் பிரேரணை மூன்றில் இரண்டு பெரும்பான்மையால் நிறைவேறி, உயர் நீதிமன்றம் விசாரித்துக் குற்றம் உண்மையெனக் கண்டு, மீண்டும் ஒருமுறை மூன்றில் இரண்டு பெரும்பான்மை கிடைத்தல் வேண்டும். 1991 இல் ரணசிங்க பிரேமதாசாவுக்கு எதிரான முயற்சி முதற்படியையே தாண்டவில்லை. இவ்வழியில் இதுவரை எவரும் நீக்கப்பட்டதில்லை.

பதவி இடையில் வெற்றிடமானால் எஞ்சிய காலத்துக்கு நாடாளுமன்றமே ஒருவரைத் தேர்ந்தெடுக்கும். 1993 மே தினத்தன்று பிரேமதாசா கொல்லப்பட்டபோது டி. பி. விசயதுங்க இவ்வாறு தெரிவானார். 2022 இல் பொருளாதார நெருக்கடியால் எழுந்த மக்கள் போராட்டத்தில் யூலை 9 இல் சனாதிபதி மாளிகை மக்கள் வசமாயிற்று; கோத்தாபய ராசபக்ச வெளிநாடு சென்று பதவி விலகினார். யூலை 20 இல் நடந்த வாக்கெடுப்பில் 134 வாக்குகளுடன் வென்ற ரணில் விக்கிரமசிங்க, நாடாளுமன்றத்தில் தம் கட்சியின் ஒரே உறுப்பினர். அதுவும் தேசியப் பட்டியல் மூலம் வந்தவர். மக்கள் வாக்கால் 2019 இல் உருவான ஆணையின் எஞ்சிய காலம் இவ்வாறு அவரிடம் சென்றது.

சட்ட விலக்கு

பதவியில் இருக்கும் வரை சனாதிபதிக்கு எதிராக வழக்குத் தொடர முடியாது என்கிறது 35ஆவது உறுப்புரை. 2015 முதல், அவருடைய அலுவல் முறையான செயல்களுக்கு எதிராகச் சட்டமா அதிபரைப் பிரதிவாதியாக்கி அடிப்படை உரிமை மனு தாக்கல் செய்யலாம். 2018 வழக்கு இந்த வழியிலேயே சாத்தியமாயிற்று. பதவி முடிந்ததும் விலக்கும் முடிகின்றது. பொருளாதார நெருக்கடிக்குக் கோத்தாபய, மகிந்த உள்ளிட்டோர் பொறுப்பு என 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் கண்டது. பதவிக்காலத்தில் மேற்கொண்ட இலண்டன் பயணத்துக்கு அரச நிதியைப் பயன்படுத்தியதாகக் கூறப்பட்டு ரணில் விக்கிரமசிங்க 2025 ஆகத்தில் கைதாகிப் பின் பிணையில் விடுவிக்கப்பட்டார். முன்னாள் சனாதிபதி ஒருவர் கைதானது அதுவே முதன்முறை.

ஒழிப்பு வாக்குறுதி

நிறைவேற்று அதிகாரம் கொண்ட சனாதிபதி முறையை ஒழிப்பதாக 1994 இல் சந்திரிகா குமாரதுங்கவும், 2015 இல் மைத்திரிபால சிறிசேனவும், 2024 இல் அனுர குமார திசாநாயக்கவும் வாக்குறுதி அளித்து வென்றனர். முதலிருவருக்கும் அதற்கு வேண்டிய மூன்றில் இரண்டு பெரும்பான்மை தம் கட்சியில் இருக்கவில்லை. இம்முறையில் ஒன்பதாவது சனாதிபதியான திசாநாயக்கவின் தேசிய மக்கள் சக்தி 2024 நவம்பர் பொதுத் தேர்தலில் 225 இடங்களில் 159 ஐ வென்றது, தேவையானது 150. முழுமையான ஒழிப்புக்கு மக்கள் தீர்ப்பும் வேண்டியிருக்கும். 2025 முடியும் வரை அதற்கான திருத்தம் எதுவும் நிறைவேறவில்லை.